வக்கீல் நோட்டீசில் ‘மிஸ்ரெப்ரசென்டேஷன்’: மோசடி என்று பொருளா?

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் கேட்கிறார்: “400 பெங்களூரா மரங்கள் என்று சொல்லித் தோப்பைக் குத்தகைக்கு விட்டேன். அது அப்பா காலத்துக் கணக்கு. இப்போது எண்ணினால் 340தான். குத்தகைதாரரின் வக்கீல் நோட்டீசில் மிஸ்ரெப்ரசென்டேஷன் என்று இருக்கிறது. மோசடி என்று அர்த்தமாம். போலீஸ் வருமா?”

ஐயா, அந்தச் சொல் மட்டும் உங்களை மோசடிக்காரர் ஆக்கிவிடாது. ‘ரெப்ரசென்டேஷன்’ என்பதைப் பிரதிநிதித்துவம் என்றும், அரசு அலுவலகங்களில் மனு என்றும் அறிந்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் அது வேறு: ‘நிலைமை இதுதான்’ என்று எதிராளியிடம் எடுத்துச் சொல்வது. முன்னால் ‘மிஸ்’ சேர்ந்தால், சொன்னது உண்மைக்கு மாறானது என்று பொருள். பேச்சு வழக்கு ஆங்கிலத்தில் ‘வேண்டுமென்றே திரித்தார்’ என்ற வாடையும் இந்தச் சொல்லுக்கு உண்டு. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் மோசடியையும் மிஸ்ரெப்ரசென்டேஷனையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு ‘ஃபிராடு’: ஏமாற்றும் எண்ணத்தோடு, பொய்யென்று தெரிந்தே சொல்வது. 18ஆம் பிரிவுதான் மிஸ்ரெப்ரசென்டேஷன்: தக்க ஆதாரம் கையில் இல்லாமல் ஒன்றை அடித்துச் சொல்வது. உண்மை என்று மனதார நம்பிச் சொல்லியிருந்தாலும் இதில் அடங்கும். நீங்கள் எண்ணாமல் சொன்னது இந்த வகை. ஏமாற்றும் எண்ணமே இல்லாதபோது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு, அதாவது பழைய 420, பொருந்தாது.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 19ஆம் பிரிவின்படி குத்தகைதாரர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் சாதாரணக் கவனம் வைத்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், அந்த உரிமை அவருக்கு இல்லை. விலை பேசுமுன் அவர் தோப்புக்குள் நடந்து பார்த்தாரா? யார் உடனிருந்தார்கள்? உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நோட்டீசை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். ‘நோயிங்லி’, ‘ஃபிராடுலன்ட்லி’ என்று எங்காவது இருந்தால் அது தெரிந்தே ஏமாற்றியதாகச் சொல்லும் குற்றச்சாட்டு. பதிலில் அதைத் தனியாக, தெளிவாக மறுக்க வேண்டும். சமாதானம் பேசுகிறேன் என்று யாராவது எழுதித் தரும் கடிதத்தில் ‘மோசடி’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். அதற்கு முன், குத்தகைதாரரையும் ஊரில் இருவரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புக் குறியிட்டு எண்ணி, எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.