பழைய ஸ்விஃப்ட் டீசலுக்குச் செகண்ட் ஹேண்ட் இன்ஜின்: பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2010-இல் பதிவான மாருதி ஸ்விஃப்ட் டீசல் கார் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வளைந்துவிட்டது, ஒரு சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். சென்னை புதுப்பேட்டையில் இதே இன்ஜின் ஓடும் நிலையில் கிடைக்கும், அதை வாங்கி மாட்டினால் செலவும் நாளும் மிச்சம் என்றும் சொல்கிறார். மாட்டலாமா? ஆர்.சி.யில் சிக்கல் வருமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாட்டலாம். ஆனால் உங்கள் சொந்த இன்ஜினின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த முக்கிய உடல்பகுதி) உண்மையிலேயே பயன்படாது என்று அளந்து பார்த்து உறுதியான பிறகுதான் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். உங்கள் காரில் உள்ளது ஃபியட்டின் உரிமத்தின் கீழ் மானேசரில் தயாரான 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். அதன் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. அளவுக்கு மீறிச் சூடேறும்போது முதலில் வளைவது ஹெட்தான். பிளாக் பெரும்பாலும் தப்பிவிடும். சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. நல்ல லேத் பட்டறையில் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போடவோ, உள்ளே புது உறை (ஸ்லீவ்) இறக்கவோ முடியும் என்றால், ஹெட்டை மட்டும் நல்ல நிலையில் வாங்கி, உங்கள் பிளாக்கிலேயே இன்ஜினைக் கட்டிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில் என்பதால், அந்த வழியில் ஆர்.சி.யில் ஓர் எழுத்தும் மாறாது என்பது இதில் கிடைக்கும் பெரிய நிம்மதி. பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட்டும் சேர்ந்து கெட்டிருந்தாலோ மட்டுமே முழு இன்ஜின் மாற்றம் நியாயமாகிறது.

எந்த வழியில் போனாலும், பழைய இன்ஜின் ஏன் சூடேறியது என்பதற்கு விடை தெரியாமல் இன்னொரு இன்ஜினை இறக்கக் கூடாது என்பதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய இன்ஜினைக் கெடுத்த காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே, காரிலேயே தங்கியிருக்கும். உப்பு படிந்து அடைத்த ரேடியேட்டர், நேரத்துக்குச் சுற்றாத ஃபேன், அதன் ரிலே, திறக்காத தெர்மோஸ்டாட், கசியும் வாட்டர் பம்ப், ஊறிப்போன ஹோஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதால், ரேடியேட்டரைக் கழுவி மாட்டுவதோடு நிற்காமல், ஐயமிருந்தால் புதிதாகவே போட்டுவிடுங்கள். இன்ஜினுக்குள் உலோகத் துகள் சிதறியிருந்தால் ஆயில் கூலரையும் டர்போவுக்கு ஆயில் போகும் குழாயையும் புதிதாகப் போட வேண்டும். அங்கே தங்கிய துகள் புதிதாக வரும் இன்ஜினின் பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

அடுத்து, எந்த இன்ஜின் பொருந்தும் என்பது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எஸ்.எக்ஸ்.4, எர்டிகா, சியாஸ் மட்டுமல்லாமல் ஃபியட் புன்டோ, டாடா இண்டிகா விஸ்டா போன்ற வண்டிகளிலும் இந்த இன்ஜின் ஓடியது. எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. உங்கள் ஸ்விஃப்ட்டில் இருப்பது நிலையான அமைப்புள்ள டர்போவுடன் 75 குதிரைத்திறன் தருவது, எஸ்.எக்ஸ்.4, எர்டிகா, சியாஸ் கார்களில் இருப்பது வேகத்துக்கேற்ப உள் இதழ்கள் அசைந்து மாறும் அமைப்புள்ள டர்போவுடன் 90 குதிரைத்திறன் தருவது. மேலும் பி.எஸ். 4 என்ற புகை மாசு விதி சென்னைக்கு 2010 ஏப்ரலிலும் நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலிலும் வந்ததால், சென்னையில் கழிக்கப்பட்ட காரின் இன்ஜினும் திண்டுக்கல்லில் பதிவான காரின் இன்ஜினும் ஒரே ஆண்டுடையவை என்றாலும் இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு), சென்சார் விஷயத்தில் வேறுபடக்கூடும். ஆகையால் அதே தலைமுறை ஸ்விஃப்ட் அல்லது டிசையரின் 75 குதிரைத்திறன் இன்ஜினாகவே தேடுங்கள். உங்கள் காரின் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங் இரண்டையும் மாற்ற வேண்டாம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காண்பது அந்த இ.சி.யூ. வழியாகத்தான், வேறு இ.சி.யூ.வை மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

இனி ஆர்.சி. குறித்து. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஒப்புதல் பெறாமல் இன்ஜினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. என் ஆலோசனை, மாட்டிவிட்டுப் போய் நிற்காமல், வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே. கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் காருக்கு 15 ஆண்டு முடிந்துவிட்டதால் பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வில் இன்ஜின் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

விற்பவரிடம் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதிய பில், இன்ஜின் வந்த காரின் ஆர்.சி. நகல், அந்தக் காரின் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். பிறகு அந்த எண்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் இட்டு, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவற்றைத் தர மறுப்பவரிடம் எவ்வளவு நல்ல இன்ஜின் இருந்தாலும் வாங்கக் கூடாது. வந்த இன்ஜினின் எண்ணை அரைத்துவிட்டு உங்கள் பழைய எண்ணைப் பஞ்ச் செய்து தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது குற்றம். விபத்து இழப்பீட்டு விசாரணையிலோ விற்பனையிலோ அது வெளிப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், பஞ்ச் அடித்தவர் அல்ல.

ஆவணம் சரியாக இருந்தால் இன்ஜினைப் பார்க்கலாம். சென்னையில் வாங்குவதால் எனக்கு முதலில் எழும் ஐயம் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரில் ஏராளமான கார்கள் மூழ்கின. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்படி வளைந்த இன்ஜினும் சில மாதம் ஓடத்தான் செய்யும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாரின் உட்பகுதி, வயர் கனெக்டர்களின் உள்ளே உலர்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கையோ கழற்றிய துளை வழியாக, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தை அளந்தால், ராட் வளைந்த சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

கடையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினால் அது நல்லதுதான், ஆனால் போதாது. க்ளோ பிளக் துளையில் கேஜ் மாட்டி நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (பிஸ்டன் உள்ளே உண்டாக்கும் அழுத்தம்) எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து கணிசமாகக் குறைந்திருந்தால் அந்த இன்ஜின் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை பலமாகப் பீய்ச்சினால் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்த இன்ஜினில் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டவர்களின் வண்டிகளில் அடியில் கரிய சகதி படிந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டி அடைபடும். டைமிங் செயினும் நீண்டுவிடும். ஆகவே சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிப் பார்க்க அனுமதிப்பவரிடமே வாங்குங்கள். அடியில் மினுமினுக்கும் பொடியோ வடிகட்டியில் சகதியோ இருந்தால், ஓடோமீட்டர் எதைக் காட்டியிருந்தாலும் அந்த இன்ஜின் உங்களுக்கு ஆகாது.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் செயின், டென்ஷனர், கைடு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்கின் முன்பின் ஆயில் சீல்கள், இன்ஜெக்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். காருக்குள் இறக்கிய பின் செயினை மாற்ற இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்கும். கிளட்ச் செட்டும் தேய்ந்திருந்தால் மாற்றத் தக்க வேளை இதுவே. இன்ஜெக்டர்களில் திருத்தக் குறியீடு (ஒவ்வொன்றின் தனி அளவு வேறுபாட்டைச் சொல்லும் எண்) இருந்தால், அவற்றை ஸ்கேனர் வழியாக உங்கள் இ.சி.யூ.வில் பதிய வேண்டும். இதைத் தவிர்க்கும் பட்டறைகளில்தான் ‘இன்ஜின் மாற்றியும் அதிர்கிறது’ என்ற புகார் வரும்.

முதல் ஸ்டார்ட்டின்போது இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். அதற்குள் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு டீசல் லைனில் காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, கூலன்ட் அளவைச் சரிபார்க்க வேண்டும். முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துகள் இருந்தால், விற்றவர் தந்த எழுத்து உத்தரவாதத்தின் காலம் முடியுமுன் இன்ஜினைத் திருப்பிக் கேட்கலாம். அந்த உத்தரவாதத்தில் ‘ஸ்டார்ட் ஆகும்’ என்ற சொல்லோடு நிற்காமல், இத்தனை நாள் அல்லது இத்தனை கிலோமீட்டர் என்றும் கம்ப்ரஷன் அளவுகள் என்னென்ன என்றும் எழுதி வாங்கியிருப்பது அவசியம்.