கணவரிடம் நடித்தே பழகிவிட்டேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 33. பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் நல்லவர், குடிப்பழக்கம் இல்லை, பிள்ளைகள்மேல் உயிராக இருக்கிறார், தன் ஓய்வுநாளில் அவரே காரில் வந்து என்னை வேலையிலிருந்து அழைத்துப் போவார். இரண்டு அறை உள்ள அடுக்குமாடி வீட்டில் மாமியாரும் மூத்த மகளும் ஓர் அறையிலும், நாங்கள் கைக்குழந்தையோடு அடுத்த அறையிலும் படுக்கிறோம். திருமணமான நாள்முதல் தாம்பத்திய உறவில் நான் முழு இன்பத்தை அடைந்ததே இல்லை. கட்டில் லேசாகச் சத்தமிட்டாலும் என் காது மாமியாரின் அறைப்பக்கம் போய்விடும். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, திருப்தி அடைந்ததுபோல் காட்டிக்கொள்வேன். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் எரிச்சலும் வலியும் சேர்ந்துகொண்டன. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டபோது, "புருஷன் முகம் கோணாம இருந்தா போதும், பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். என் உடம்பில் ஏதேனும் குறையா? இப்போது உண்மையைச் சொன்னால், இத்தனை நாளும் ஏமாற்றினாய் என்று அவர் நினைக்கமாட்டாரா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வலியைக் கவனிப்போம். வலிக்கும் என்று எதிர்பார்க்கும் உடம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தில் வலி இன்னும் கூடும். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டுபோவது வழக்கம். குழந்தை பால் மறந்து, மாதவிலக்கு சீரானபின் பெரும்பாலோருக்கு இது தானே சரியாகிவிடுகிறது. அதுவரை மருந்தகத்தில் கிடைக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்பு ஜெல்லைப் பயன்படுத்துங்கள். நம் வீடுகளில் எதற்கும் தேங்காயெண்ணெயைத்தான் கை தேடும். ஆணுறை அணிவதாக இருந்தால் அது வேண்டாம், ரப்பரை எண்ணெய் நைந்துபோகச் செய்துவிடும். ஜெல்லுக்குப் பிறகும் வலி நீடித்தால் அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் பெண் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். "அடிவயிறு வலிக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாமல், உறவின்போது தொடக்கத்தில் எரிகிறதா, ஆழத்தில் வலிக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஏனெனில் செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவை இன்பத்தின் உச்சநிலையைத் தள்ளிப்போடக் கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

உடம்பில் குறையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி எண்ணக் காரணமில்லை. உறவு மட்டுமே போதும், பெண்ணும் அதிலேயே நிறைவடைந்துவிடுவாள் என்று இருவரும் நம்பித்தான் பெரும்பாலான திருமணங்கள் தொடங்குகின்றன. பெண்களில் பலருக்கு அது போதுவதில்லை; பிறப்புறுப்பின் மேற்பகுதியில் சிறு மொட்டுப்போல் தெரியும் கிளிட்டோரிஸ் என்னும் உறுப்பு நேரடியாகத் தூண்டப்பட வேண்டியிருக்கிறது. அந்த உறுப்பின் பெரும்பகுதி உடலுக்குள் மறைந்திருப்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் விரிவாக விளக்கி எழுதியதே 1998இல்தான் என்னும்போது, உங்கள் அம்மாவுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அடுத்தது வீடு. ஒரு காதை மாமியாரின் கதவுக்குக் கொடுத்துவிட்டு எந்தப் பெண்ணாலும் தன் உடம்பில் மனம் வைக்க முடியாது. மெத்தையைத் தரையில் போட்டால் கட்டில் சத்தம் தீரும். அறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். மாமியார் பேத்தியோடு கோயிலுக்குப் போகும் மாலைகளில் உங்கள் இருவருக்கும் ஓய்வு அமைந்தால் அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறித்தால் ஆசை வருமா என்று சிரிப்பீர்கள். ஆசை முதலில் எழுந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை, நெருக்கமும் தொடுதலும் தொடங்கியபின் ஆசை எழுவதும் பெண்களில் இயல்பே என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் எழுதினார். வேண்டாம் என்று சொல்பவளை வற்புறுத்த இதை யாரும் சாக்காக்கிவிடக் கூடாது. உங்களுக்கே விருப்பமுள்ள நாளுக்குத்தான் இது பொருந்தும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது அந்த நடிப்புதான். அவர் செய்வது சரி என்று நீங்களே ஒவ்வொரு முறையும் சான்றிதழ் கொடுத்து வந்திருக்கிறீர்கள்; மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? இன்றோடு அதை நிறுத்துங்கள். பழைய கணக்கு முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. படுக்கையிலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் உங்களை வேலையிலிருந்து அழைத்துவரும் நாளில், பாலத்தில் நெரிசலில் கார் நின்றுகொண்டிருக்கும்போது பேசுவது எளிது. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருவருக்குமே இருக்காது. "பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு வலிக்கிறது, உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது" என்று தொடங்குங்கள். அது உண்மை, யாரையும் குற்றம் சொல்லாத உண்மை. முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று அவரே கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "உங்கள் மனம் நோகக் கூடாதென்று மறைத்தேன்" என்று சொல்லுங்கள். சற்று முகம் வாடுவார். பிள்ளைகள்மேல் உயிராக இருக்கும் மனிதர், மனைவிக்கு வலி என்று கேட்டபின் நீண்ட நாள் கோபித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின், அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் வெளியிட்ட, இன்றும் ஆலோசகர்கள் சொல்லித்தரும் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். சில வாரங்களுக்கு உறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, முதலில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டு உடலின் மற்ற பகுதிகளை மாறிமாறித் தொடுவது. எது இதம், எது இதமில்லை என்று வாய்விட்டுச் சொல்வது. அது பழகியபின் மெல்ல மற்ற இடங்களுக்கு வருவது. எது பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியாதிருந்தால், தனிமையில் உங்கள் கையாலேயே அறிந்துகொள்ளுங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை. உறவு கிடையாது என்னும் விதியைக் கணவரிடம் முதல் நாளே விளக்கிவிடுங்கள், இல்லையெனில் அவர் அதை உங்கள் மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடும்.