மண்ணடியில் மாலைச் சாப்பாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மூன்று மாதங்களுக்கு முன் சென்னை மண்ணடிக்குக் குடிவந்தேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் நல்ல கடைகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு என்கிறார்கள். ஆனால் செயலியில் நட்சத்திரங்களைப் பார்த்துப் போன இரண்டு கடைகளும் ஏமாற்றிவிட்டன. ஒன்றில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் எண்ணெயில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. எதை வைத்து ஒரு கடையைத் தேர்வது? என் அறைத்தோழர் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு கடை யாருக்காகச் சமைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மார்வாரிகள், குஜராத்திகள், தெலுங்கு பேசும் வணிகர்கள், தமிழ் முஸ்லிம்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் என்று இத்தனை பேர் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் தலைமுறைகளாக வாழும் இடம் சென்னையில், மண்ணடியும் சௌகார்பேட்டையும் அடங்கிய ஜார்ஜ் டவுனைப்போல் வேறில்லை. அந்தந்தத் தெருவின் மக்களே அன்றாடம் வந்து நிற்கும் கடையில் கைப்பக்குவம் தவறினால் அன்றைக்கே கேள்வி வந்துவிடும். வெளியூரிலிருந்து ஒருமுறை வந்து படமெடுத்துப் போகிறவரை நம்பி நடக்கும் கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

அத்தோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபின், அங்கே பிழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக 1969-இல் தொடங்கியதுதான் பர்மா பஜார். அதற்குப் பின்னால் உள்ள செகண்ட் லைன் பீச் தெருவில் மாலை நேரங்களில் வண்டிகள் நிற்கும். வேகவைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கைப்பிடியளவு கிண்ணத்தில் போட்டு, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அத்தோ என்ற பெயரே கலந்து பிசைவதைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிசைந்த இரண்டு நிமிடத்திற்குள் சாப்பிட்டால் பேஜோ பல்லில் நொறுங்கும். கால் மணி நேரம் போனால் கோஸ் நீர்விட்டு, பேஜோ ஊறி, எல்லாம் ஒன்றாகிவிடும். நீங்கள் சாப்பிட்டது முன்பே பிசைந்து குவித்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே கேட்டபிறகு கிண்ணத்தை எடுக்கிறவரிடம் போங்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் புளியும் காரமும் வைத்துக் கையில் தருவதையும் விட்டுவிடாதீர்கள்.

அத்தோவோடு தரும் வாழைத்தண்டு சூப் விஷயத்தில் மட்டும் நேரம் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இரவு பத்தரை மணிக்கு அடிப்பானையில் மிஞ்சியிருந்த சூப்பைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து ஊற்றினார்கள். பசியில் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அதிலிருந்து ஏழு ஏழரைக்குள், கூட்டம் நெருக்கிப் பானை வேகமாகக் காலியாகும் நேரத்தில்தான் போகிறேன். நெரிசலில் காத்திருப்பது எரிச்சல்தான் என்றாலும், தெருக்கடையில் சரக்கு தேங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

சௌகார்பேட்டைக்கு நேரக்கணக்கே வேறு. பொழுது சாய்வதற்குமுன் சாப்பிட்டு முடித்துவிடும் சமணக் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தங்கசாலைத் தெருவில் நடந்து, அவர்கள் குழந்தைகளோடு எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். சமணமுறை வேண்டும் என்று கேட்டால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமல், வாழைக்காயை வைத்துச் சாட் செய்து தரும் கடைகளும் அங்கே உண்டு. அப்படித் தனியாகச் செய்து தருகிற கடைக்காரர், எந்தப் பாத்திரத்தில் எது பட்டது என்று கணக்கு வைத்திருப்பவர் என்பதால் அவரிடம் எனக்கு மரியாதை அதிகம். இரண்டு சிறிய முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் புதினாச் சட்னியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சை விளையாட்டுப் பண்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் முறுக்கு வடக்கத்திச் சட்னியோடு இத்தனை இயல்பாகச் சேர்வது அந்தத் தெருவில்தான் முடியும்.

உங்கள் அறைத்தோழருக்குத் தங்கசாலைத் தெருவில் ஒரு குறையும் இருக்காது. அத்தோவையும் முட்டை இல்லாமல் கேட்டு வாங்கலாம்; சூப்பில் மீனோ கருவாடோ சேர்கிறதா என்பதை மட்டும் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் பர்மாவில் அது மீன் சேர்த்தே செய்வது. இருவரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டிய நாளில் என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் வாருங்கள். அங்கே கல்லில் போட்ட ஊத்தப்பத்தின்மேல் பொடியைத் தூவி, நெய்யைக் கரண்டியால் ஊற்றி, ஓரம் சிவக்கும்வரை விட்டு எடுத்துத் தருவார்கள்.