அம்மாவின் நித்திரைக் குளிசையும் சிங்கப்பூர்க் கப்பலும்

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி இது. டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர். இன்சுலின் பேனா, பிரஷர்க் குளிசை, இரவில் நித்திரைக்குக் குளோனசெபாம். கப்பலில் இவற்றைப் பறித்துவிடுவார்களா? 'கப்பல் மருந்துக் கிளியரன்ஸ்' எடுத்துத் தர ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறாராம், கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். ஏஜென்ட் காசுக்கு எடுத்துத் தரக்கூடிய அப்படியொரு கிளியரன்ஸ் கிடையாது. இந்தப் பெயரில் கையில் கிடைப்பது, உங்கள் அம்மாவை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஒரு டொக்டரின் சீல் குத்திய கடிதம். அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு ஓர் அதிகாரி அழைத்தால் யார் பதில் சொல்வது? மாட்டுவது அம்மா, ஏஜென்ட் அல்ல.

கப்பல்காரர் சொந்த மருந்தைப் பறிப்பதில்லை. கேள்வி வருவது கரையில். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்த நாட்டின் சட்டம்தான். சிங்கப்பூரில் சாதாரண மருந்துகளைச் சொந்தப் பாவனைக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். இன்சுலினையும் பிரஷர்க் குளிசையையும் பற்றி நித்திரை கெட வேண்டாம்.

நித்திரைக் குளிசைதான் விஷயம். நித்திரைக்கும் பதகளிப்புக்கும் தருகிற மருந்துகள், கோடீன் போன்ற கடும் வலி மருந்துகள் ஆகியவற்றைச் சிங்கப்பூர் தனியாகப் பார்க்கிறது. சிலவற்றுக்கு, அல்லது ஒரு அளவுக்கு மேல் போனால், டொக்டரின் மருந்துத் துண்டு இருந்தாலும் முன் அனுமதி வேண்டும். எச்.எஸ்.ஏ. எனப்படும் அந்நாட்டுச் சுகாதார விஞ்ஞான அதிகாரசபையின் இணையத்தளத்தில் குளிசையின் பெயரையும் மில்லிகிராமையும் எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள். தேவையென்றால் அங்கேயே நீங்களே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னரே செய்துவிடுங்கள். இந்தப் பயத்தில் இரண்டு வேலை மட்டும் செய்யக்கூடாது. ஒன்று, விற்றமின் போத்தலுக்குள் போட்டு ஒளிப்பது. அனுமதி கேட்டிருக்கக்கூடிய மருந்தைக் கடத்தலாக்கும் வேலை அது. மற்றது, 'நாலு நாள்தானே' என்று வீட்டில் விட்டுப் போவது. நெடுநாள் எடுத்த குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் நித்திரையின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்புக்கூட வரும். இரவில்தானே எடுக்கிறார், பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கும்போது அந்தக் குளிசை கைப்பையில் வேண்டாம். அறையிலேயே இருக்கட்டும்.

கடிதம் அம்மாவைப் பார்க்கும் டொக்டரிடமிருந்தே வரவேண்டும். ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர் (கம்பனி வைத்த பெயர் மட்டும் போதாது), அளவு, ஒரு நாளுக்கு எத்தனை. அரசாங்கக் கிளினிக்கில் இதைக் கேட்டால் 'கொப்பியைக் காட்டுங்கோ, போதும்' என்பார்கள். போதாது. அந்தக் கொப்பியின் கையெழுத்தை வாசிக்க மருந்தோடு பழகிய எங்களுக்கே சில நேரம் மூச்சு வாங்கும். கடதாசி உறையில் 'காலை 1, இரவு 1' என்று எழுதிப் போட்டுத் தரும் குளிசையை வெளிநாட்டு அதிகாரி எப்படி அடையாளம் காண்பார்? நோயாளியின் பெயரோடு ஒரு லேபல் ஒட்டுங்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறோம், கேட்பாரில்லை. ஆகவே பயணத்துக்குத் தேவையானதைப் பாமசியில் முழுக் காட்டாக, அதாவது வெட்டாத அட்டையாக, வாங்குங்கள். பத்துக் குளிசையை ஓரத்தில் வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் திகதியும் மற்றப் பாதியோடு கடையிலேயே நின்றுவிடும். காசுச் சிட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

இன்சுலினைப் பற்றிச் சுருக்கமாக. பாவனையில் உள்ள பேனாவுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. 30 பாகைக்குக் கீழே பெரும்பாலானவை நான்கு கிழமை தாங்கும். திறக்காத பேனாவுக்குத்தான் 2 முதல் 8 பாகை. ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துக் கொண்டுபோகிறார்கள். ஒருதரம் உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். அறையின் சிறு ஃபிரிட்ஜை நம்பாமல், மேலதிகப் பேனாவைக் கப்பல் மருத்துவ நிலையத்தில் வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாவித்த ஊசி போடப் பெட்டியும் கேளுங்கள். விமானத்தில் மருந்து கைப்பையில்தான். துறைமுகத்திலும் அப்படியே, அங்கு ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர மணிக்கணக்காகலாம்.

தலைசுற்றலுக்கென்று எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தக் குளிசைகளில் அநேகமானவை மயக்கம் தருபவை. குளோனசெபாமும் சேர்ந்தால் ஆடுகிற கப்பலில் வயதானவர் விழுந்துவிடுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. கூட வருகிற ஆம்பிளைகள் யாராவது மதன மோதகம் என்ற உருண்டையைப் பையில் வைத்திருந்தால் கொழும்பிலேயே எறிந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதில் கஞ்சா சேரும். 'ஆயுர்வேத மருந்து' என்ற பேச்சு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது.

மருந்தை ஒரு கிழமைக்கு மேலதிகமாக எடுங்கள். கப்பல் டொக்டர் இருப்பார், ஆனால் பில் டொலரில் அறைக்கணக்கில் ஏறும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சீனி வருத்தத்தை மறைக்கச் சொல்லுகிற ஏஜென்டும் இருக்கிறார். மறைத்தால் அந்த பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.