தள்ளுபடிக்கு வந்தவர்களா, ஆடிக்கு வந்தவர்களா?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆடிக்கு வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் நூறு ரூபாய் கூப்பன் அனுப்புவது வழக்கம். இயந்திரக் கற்றல் (பழைய விவரங்களிலிருந்து கணினியே கற்றுக் கணிக்கும் முறை) மூலம் கணித்ததாகச் சொல்லி, ‘கடைக்கு வர வாய்ப்புள்ளவர்கள்’ பட்டியல் ஒன்றை ஒரு நிறுவனம் தந்திருக்கிறது. அவர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்தப் பட்டியல் சரியாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் கேள்விக்கு அது விடை அன்று. ஆடி தவறாமல் உங்கள் கடைப் படியேறும் பேட்டை அம்மாள்தான் அதில் முதலிடத்தில் இருப்பார். கூப்பன் இல்லாமலே வரக்கூடியவருக்கு நூறு ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது போலாகும்.

கூப்பனால் மட்டுமே வருபவர் யார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஆள் ஒரே ஆடியில் கூப்பன் பெற்றவராகவும் பெறாதவராகவும் இருக்க முடியாதாகையால், தனியொருவர் விஷயத்தில் இதை நேரில் காண வழியில்லை. புள்ளியியலாளர் பால் ஹாலண்ட் 1986இல் இதையே காரண அனுமானத்தின், அதாவது எதனால் எது நிகழ்ந்தது என்று கண்டறிவதன், அடிப்படைச் சிக்கல் என்றார்.

எனவே முதலில் சீட்டுக் குலுக்க வேண்டும். பத்தாயிரம் வாடிக்கையாளர்களில் குலுக்கலில் வந்த 2,000 பேருக்கு அனுப்பாமல் விடுங்கள். ஒரு பேச்சுக்கு, அனுப்பியவர்களில் நூற்றுக்கு 18 பேரும் அனுப்பாதவர்களில் 15 பேரும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய 8,000 பேரில் 1,440 பேர் வாங்கியிருப்பார்கள். கூப்பன் இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 15 வீதம் 1,200 பேர் வாங்கியிருப்பார்கள் என்பதால், கூப்பனால் மட்டுமே வந்தவர்கள் ஏறக்குறைய 240 பேரே. ஆனால் வாங்கிய 1,440 பேருக்கும் தள்ளுபடியாகப் போனது 1,44,000 ரூபாய். அதாவது புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் 600 ரூபாய். ஒரு சேலையில் உங்களுக்கு நிற்கும் லாபத்தை நீங்களே அறிவீர்கள்.

இயந்திரக் கற்றலுக்கு வேலை இதற்குப் பிறகுதான். அனுப்பியவர்களை வைத்து ஒரு கணிப்பு மாதிரியும், அனுப்பாதவர்களை வைத்து மற்றொன்றும் உருவாக்கி, ஒருவருக்கு இரண்டும் தரும் கணிப்புகளின் வித்தியாசத்தைப் பார்ப்பது எளிய முறை. ஸ்டீபன் வேகரும் சூசன் ஏத்தியும் 2018இல் வெளியிட்ட ‘காசல் ஃபாரஸ்ட்’ முறையோ அந்த வித்தியாசத்தையே குறிவைத்து, வாடிக்கையாளர்களைக் கிளை கிளையாகப் பிரிக்கும் ‘மரங்களை’ வளர்க்கிறது. எம்முறையானாலும், கிடைப்பது அவரைப் போன்றவர்களின் சராசரி மதிப்பீடே. அனுப்பாதவர்களில் வாங்கியவர் 300 பேரே என்னும்போது அதில் தடுமாற்றமும் மிகுதி. ஆகவே தீபாவளிக்கும் குலுக்கல் நடத்தி, வித்தியாசம் அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களிடம் அது உண்மையிலேயே கூடுகிறதா என்று பார்த்த பின்பே அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: நம் ஊரில் அத்தைக்கு வந்த கூப்பன் சாயங்காலத்துக்குள் மதினி கைபேசிக்குப் போய்விடும். எனவே ஆளுக்கொரு சீட்டாகக் குலுக்காமல், வீட்டுக்கொரு சீட்டாகக் குலுக்குங்கள்.