வேலை போனபின் ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் மூன்றரை வருடம் வேலை பார்த்தேன். ஆர்டர் இல்லையென்று ஜூன் மாதம் நிறுத்திவிட்டார்கள். சம்பளம் 14,600 ரூபாய்; மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள். எனக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, திருப்பூர்

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில், வேலை இழந்தவர்களுக்காக 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டம் 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்து, அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. அதனால் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு அது அக்டோபர் முதல் மார்ச் வரை. அதற்கு முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும்.

தொகை, சராசரி தினக்கூலியில் பாதி. அதிகபட்சம் 90 நாள்; வாழ்நாளில் ஒரு முறைதான். நான்கு சந்தா காலத்துச் சம்பளத்தைக் கூட்டி 730ஆல் வகுப்பார்கள். 24 மாதமும் முழுச் சம்பளம் வாங்கியிருந்தால் தினக்கூலி 480 ரூபாய், பாதி 240. 90 நாளுக்கு 21,600. நடுவில் ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்திருந்தாலும் வகுப்பது 730ஆல்தான். அப்போது 16,200 ரூபாயாகக் குறைந்துவிடும்.

வேலை போய் 30 நாள் கழித்து ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு உள்நுழைந்து விண்ணப்பியுங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களை அதிலேயே ஏற்றலாம். முடியாவிட்டால் விண்ணப்பத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுங்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

சிக்கல் பெரும்பாலும் பழைய பதிவுகளில்தான் வரும். கம்பெனி மாறும்போது புதிய காப்பீட்டு எண் போட்டிருந்தால் சந்தா இரண்டாகப் பிரிந்து 78 நாள் கணக்கு உதைக்கும். எண்களை ஒன்றாக்கச் சொல்லி முன்பே மனுக் கொடுங்கள். ஆதாரில் ஒரு பெயர், காப்பீட்டுப் பதிவில் இன்னொரு பெயர் என்றாலும் விண்ணப்பம் நின்றுவிடும். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்ததில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் உதவித்தொகை இதுதானா?
– வாசகர், மதுரை

இல்லை. அது தமிழக அரசு தருவது. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கானது. வேலை பறிபோனதற்கான ஈடு அல்ல.

'ராஜினாமா எழுதிக் கொடு, பாக்கியைத் தருகிறோம்' என்கிறார்கள் கம்பெனியில். கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இந்த ஈ.எஸ்.ஐ. உதவி கிடையாது. ஆட்குறைப்பால் நிறுத்தினார்கள் என்றால் அதையே கடிதமாகக் கேளுங்கள். வெளியேறிய தேதியும் காரணமும் ஈ.எஸ்.ஐ. பதிவில் எப்படி ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்தக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு கிளை அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.