ஹேமர் ரிப்போர்ட்டை நம்பி வீட்டை எடை போடாதீர்கள்

வீட்டை நிலநடுக்கத்துக்குத் தயார் செய்வது பற்றி வந்த கடிதங்கள் இவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்ககம் 30 ஆண்டுப் பழசு. ஒரு நிறுவனம் ஹேமர் டெஸ்ட் செய்து, 40 பக்க அறிக்கையோடு, "நிலநடுக்கத்தைத் தாங்கும்" என்று சான்றிதழும் தந்திருக்கிறது. நம்பலாமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: எனக்கு ரொம்ப நாளாக எரிச்சலூட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். ஹேமர் என்பது ஸ்பிரிங் வைத்த சுத்தியல். காங்கிரீட்டில் பட்டு எவ்வளவு துள்ளுகிறது என்று எண்ணாகக் காட்டும். அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். பழைய காங்கிரீட்டில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஊறி மேல்தோல் இறுகியிருக்கும். அதனால் பழைய கட்டடத்தில் எண் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். அறிக்கையில் 40 பக்கம் இருந்தாலும் அதில் 38 பக்கம் சுத்தியல் அடித்த போட்டோவாகத்தான் இருக்கும்.

காங்கிரீட்டின் பலம் தெரிய வேண்டுமானால் துளையிட்டு கோர், அதாவது உருளை வடிவத் துண்டு, எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். மூன்று கோர்களின் சராசரி, வடிவமைப்பில் சொன்ன பலத்தில் 85 சதவீதமாவது வர வேண்டும். தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இதுதான் பரவலாக ஒப்புக்கொண்ட அளவுகோல்.

சரி, காங்கிரீட் தேறிவிட்டது. நிலநடுக்கத்துக்கு அது போதுமா? போதாது. ஆட்டத்தில் தூணைக் கட்டிப் பிடிப்பவை உள்ளே இருக்கும் ரிங் கம்பிகள். 1971இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனை, புத்தம் புதுக் கட்டடம், பலத்த சேதமடைந்தது. சுருள் கம்பி நெருக்கமாகச் சுற்றிய தூண்கள் கோணிப்போனாலும் பாரத்தை விடவில்லை. இடைவெளி விட்டு ரிங் போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கின. ஒரே கட்டடம், ஒரே ஆட்டம்.

எனவே அந்த நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: தூணும் பீமும் சேரும் இடத்தில் சில தூண்களையாவது கொத்திப் பார்த்தீர்களா? ரிங் எத்தனை செ.மீ. இடைவெளியில் இருக்கிறது? அதன் கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்கியிருக்கிறதா, வெறும் 90 டிகிரியோடு நிற்கிறதா? ரிங்கை மூடியிருக்கும் மேல் காங்கிரீட் உதிர்ந்தால் 90 டிகிரிக் கொக்கி திறந்துகொள்ளும். இதற்குப் பதில் இல்லாத சான்றிதழைக் கோப்பில் வையுங்கள், கூட்டத்தில் படிக்காதீர்கள்.

கேள்வி: பூகம்பத்தைத் தடுக்கும் பெயின்ட் என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் பீம்களைப் பலப்படுத்த கார்பன் ஃபைபர் துணி ஒட்டினோம். சில மாதங்களிலேயே ஓரம் உரிகிறது. தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது. சுவரில் ஈரம் இருந்தது, அது உங்கள் தவறு என்கிறார் ஒப்பந்ததாரர்.

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை. ஒட்டுவதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டியது அவர் வேலை. அதற்குத்தானே காசு கொடுத்தீர்கள்! அந்தத் துணி எவ்வளவு பலமானாலும், அது பிடித்திருக்கும் காங்கிரீட்டின் மேல்தோல் அளவுக்குத்தான் உழைக்கும். சிமெண்ட் பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு மூலையைப் பிரித்து அதைப் பாருங்கள்.

வெற்றுச் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தேதி தெரியப் படமெடுங்கள். ரிப்பேர் செய்கிறேன் என்று அவர் பசை ஊற்ற வந்தால் இப்போதைக்கு விடாதீர்கள், ஆதாரம் போய்விடும். அவருக்குத் தொடர்பில்லாத ஆய்வகத்தை வைத்து இழுப்புச் சோதனை செய்யுங்கள். சிறிய உலோக வட்டை ஒட்டி, பிய்யும் வரை இழுப்பார்கள். குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். பிய்யும்போது காங்கிரீட்டும் சேர்ந்து வர வேண்டும். பசை மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் ஒட்டிய வேலை சரியில்லை. அந்த முடிவை வைத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கிப் பணம் இருந்தால் அதுவரை தராதீர்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் கடைக்காக உள்சுவர்களை இடித்துவிட்டோம். பீம்களை மட்டும் பலப்படுத்தினால் போதுமா?

பதில்: இடித்த பிறகு கேட்கிறீர்கள். மேலே சுவர், கீழே வெறும் தூண் என்றால் ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத்தில்தான் இறங்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்ககங்கள் பலவற்றில் தரைத்தளம் திறந்த வாகன நிறுத்தமாக இருந்தது. பீமை மட்டும் பலப்படுத்தினால் இன்னும் மோசம்: பீம் முதலில் வளைந்து சக்தியை வாங்க வேண்டும், அது வளையாவிட்டால் தூண் உடையும். உங்களுக்குத் தேவை தூண் ஜாக்கெட்டோ (பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் காங்கிரீட்டும் போடுவது), அஸ்திவாரத்திலிருந்து எழுந்து பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் காங்கிரீட் ஷியர் வாலோ. அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். கடை வேலையை அதுவரை நிறுத்துங்கள்.

கேள்வி: சுவருக்குள் கம்பி இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை ஆன்லைனில் வாங்கலாமா?

பதில்: நான் வாங்கியது வீட்டில் இருக்கிறது. கம்பி, குழாய், ஆணி எதைக் கண்டாலும் ஒரே பீப். திருப்பி அனுப்பக் கேட்டபோது, "அது சென்சிடிவ் மாடல் சார்" என்றார்கள். தொழில்முறை கவர் மீட்டர் கம்பியின் ஆழத்தையும் காட்டும், ஆனால் விலை அதிகம். அதை வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவது மலிவு.

கேள்வி: தூண் ஜாக்கெட்டுக்கு மூன்று விலைப்பட்டியல் வந்தன. ஒன்று மற்றவற்றில் பாதி. எடுக்கலாமா?

பதில்: அதில் என்ன எழுதவில்லை என்று படியுங்கள். பழைய தூணின் மேல்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்குவது, வேலை நடக்கும்போது முட்டுக் கொடுப்பது, ஸ்லாபில் துளையிட்டுப் புதுக் கம்பியை அடுத்த தளத்துக்குக் கொண்டுபோவது, அஸ்திவாரத்தில் அதைப் பிடிக்க வைப்பது. மலிவான பட்டியலில் பெரும்பாலும் கடைசி இரண்டும் இருக்காது. ஸ்லாபின் அடியிலேயே நின்றுவிடும் கம்பி, தூண் வளையும்போது மூட்டில் உதவாது. இந்த நான்கையும் எழுதித் தரச் சொல்லி மூன்று பேரிடமும் மறுபடி விலை கேளுங்கள்.

கேள்வி: வீடு 8 ரிக்டரைத் தாங்கும் என்று பில்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பதில்: ரிக்டர், நிலநடுக்கத்தின் அளவு. வீடு எவ்வளவு ஆடும் என்பது, அது எவ்வளவு தூரத்தில் வந்தது, வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. எந்தக் கட்டட விதித்தொகுப்பின்படி, நிலம் எவ்வளவு வேகமாக உலுக்கும் என்ற கணக்குக்கு (முடுக்கம்) வடிவமைத்தார் என்று கேளுங்கள். முழித்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.